கனடாவின் கரடிக்காடு பிழைத்த விதம்: குமரி மலையோரத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்து மலையோரத்தில் காட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பெரும்பாலும் வாக்குவாதத்தில்தான் போய் முடியும். சரணாலயத்தைச் சுற்றி சூழல் உணர்திறன் மண்டலம் வருகிறதாமே என்று ஒருவர் தொடங்குவார், தனியார் காடுகள் சட்டத்தில் என் சர்வே எண்ணும் மாட்டிக்கொண்டது என்று இன்னொருவர் சொல்வார், மலையை உடைத்து லாரி லாரியாகக் களியக்காவிளை தாண்டிக் கொண்டுபோகிறார்களே, அதைக் கேட்க ஆளில்லையா என்பார் மூன்றாமவர். எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் பேச்சு எப்போதும் "தடை வேண்டுமா, வேண்டாமா" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. காட்டைப் பற்றிய முடிவை யார் யார் உட்கார்ந்து எடுப்பது, தடை வந்தபின் அங்கே இருப்பவர்கள் எதை வைத்துப் பிழைப்பது, இந்த இரண்டையும் யாரும் எடுப்பதே இல்லை.

இந்த இரண்டு கேள்விகளையும் நேராக எடுத்துக்கொண்ட ஓர் இடம் இருக்கிறது. கனடாவின் மேற்கோரம், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் நடு, வடக்குக் கடற்கரைப் பகுதி. கிரேட் பேர் மழைக்காடு என்று பெயர். 'பேர்' (Bear) என்றால் கரடி, அதனால் கரடிக்காடு என்றே சொல்கிறேன். சுமார் 64 லட்சம் ஹெக்டேர், அதாவது நம் மாவட்டத்தைப் போல முப்பத்தெட்டு மடங்கு இருக்கும். நம் காட்டைவிட முற்றிலும் வேறான காடு அது, குளிர்ப் பிரதேசத்துக் காடு. இருந்தாலும் அங்கே நடந்ததை விவரமாகச் சொன்னால் நமக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் காடு

மழைக்காடு என்றதும் நம் மனதில் வருவது காளிகேசமும் கீரிப்பாறையும் கோதையாறும். ஆனால் குளிர்ப் பிரதேசத்திலும் மழைக்காடு உண்டு. கடலிலிருந்து ஈரக்காற்று வர வேண்டும், கரையை ஒட்டியே மலை எழும்பி அந்தக் காற்றை மறிக்க வேண்டும், கோடையிலும் சூடு ஏறாமல் ஓரளவு மழை பெய்ய வேண்டும். இந்த மூன்றும் சேரும் இடங்கள் உலகத்தில் மிகக் குறைவு. வட அமெரிக்காவின் மேற்குக் கரை, தெற்குச் சிலி, நியூசிலாந்து, டாஸ்மேனியா, நார்வே, ஸ்காட்லாந்தின் மேற்கோரம், ஜப்பானின் சில பகுதிகள், கருங்கடலோர ஜார்ஜியா என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பூமியின் நிலப்பரப்பில் 1 சதவீதம்கூட வராது. அதிலும் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. மிஞ்சியிருப்பதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தக் கரடிக்காட்டில் இருப்பதாகச் சொல்வார்கள்.

கடலும் மலையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் என்ன நடக்கும் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். முப்பந்தலில் காற்றாலை சுழலும் வறண்ட மண்ணிலிருந்து கிளம்பி, சிறிது நேரத்திலேயே தடிக்காரன்கோணம் தாண்டி அட்டை கடிக்கும் காட்டுக்குள் போய்விடலாம். தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை, குறுக்கே அசம்பு மலை. அங்கேயும் இதே கணக்குதான், ஆனால் குளிரில். குளிரில் விழுந்த மரம் சீக்கிரம் மக்காது. காட்டுத்தீயும் அபூர்வம். அதனால் மரங்கள் ஆயிரம் வருடம்கூட நிற்கின்றன, விழுந்த பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கின்றன, கிடக்கும் தடியின் மேலேயே விதை விழுந்து அடுத்த தலைமுறை வரிசையாக முளைத்து எழுகிறது. ஒரு ஹெக்டேரில் இருக்கும் மரத்தின், பாசியின், மக்கின் மொத்த எடையைக் கணக்கிட்டால் வெப்பமண்டலக் காடுகளையே மிஞ்சும். சிட்கா ஸ்ப்ரூஸ், வெஸ்டர்ன் ஹெம்லாக், செந்நிற சீடர், இவைதான் அங்கே முக்கியமான மரங்கள்.

எனக்கு இந்தக் காட்டில் பிடித்துப்போன விஷயம் சால்மன் மீன். கடலில் வளர்ந்த மீன் முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறுகிறது. கரடி அதைப் பிடித்துக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது, முட்டையும் தலையுமாகக் கொழுப்பான பகுதியைத் தின்றுவிட்டு மிச்சத்தை மரத்தடியில் போட்டுவிட்டு அடுத்த மீனுக்குத் திரும்புகிறது. மிச்சத்தை ஓநாய், கழுகு, பூச்சி எல்லாம் பங்கு போட்டு, கடைசியில் அது மண்ணுக்கு உரமாகிறது. இது வெறும் கற்பனை இல்லை. கடலில் அதிகமாகக் கிடைக்கும் நைட்ரஜன்-15 என்ற வகை நைட்ரஜன் ஆற்றோர மரங்களுக்குள் இருப்பதை அளந்து காட்டியிருக்கிறார்கள். விக்டோரியா பல்கலைக்கழகத்தின் டாம் ரைம்சென் இதில் பல வருடம் வேலை செய்தவர். அலாஸ்காவில் ஹெல்ஃபீல்டும் நைமனும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் சால்மன் ஏறும் ஆற்றோர ஸ்ப்ரூஸ் மரங்கள் வேகமாக வளர்வதைக் காட்டினார்கள். அதாவது கடல் போய் மரத்தை வளர்க்கிறது.

அப்புறம் ஒரு பறவை. மார்பிள்ட் மரலெட் என்று பெயர், சின்னக் கடற்பறவை, சாப்பாடெல்லாம் கடலில்தான். அது எங்கே முட்டையிடுகிறது என்று வெகுகாலம் யாருக்கும் பிடிபடவில்லை. 1974-ல் கலிஃபோர்னியாவில் மரம் ஏறிய ஒருவர் கண்ணில்தான் அதன் கூடு பட்டது. முதிய மரத்தின் உச்சாணிக் கிளையில், பாசி மெத்தையாகப் படிந்த இடத்தில், ஒரே ஒரு முட்டை. அந்தப் பாசி அந்த அளவு படியவும் கிளை அந்த அளவு தடிக்கவும் நூற்றாண்டுகள் ஆகும். வெட்டிவிட்டு மறுபடி நட்டுவிடுகிறோம் என்று சொல்லும் கம்பெனிக்கு இந்தப் பறவை ஒன்றே பதில். அறுபது எழுபது வருடத்தில் மறுபடி வெட்டப்போகும் காட்டில் அப்படி ஒரு கிளை உருவாகவே உருவாகாது.

சண்டை

முதல் பெரிய மோதல் கரடிக்காட்டுக்குத் தெற்கே, வான்கூவர் தீவில் நடந்தது. அங்கே மீர்ஸ் தீவு என்று ஓர் இடம். அதை வெட்ட மாக்மில்லன் புளூடல் என்ற மரக்கம்பெனிக்கு மாகாண அரசு அனுமதி தந்திருந்தது. 1984-ல் ட்லா-ஓ-குவி-ஆட் என்ற பூர்வகுடிகள் அந்தத் தீவைத் தங்கள் பழங்குடிப் பூங்கா என்று அறிவித்து மறியலில் இறங்கினார்கள், அப்புறம் நீதிமன்றம் போனார்கள். 1985-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வெட்டுக்குத் தடை கொடுத்தது.

இந்த வழக்கில் அவர்கள் கையில் இருந்த சான்றுகளில் ஒன்று மரத்தின் தழும்பு. சீடர் பட்டையை நீளவாக்கில் உரித்துக் கயிறு, கூடை, பாய், உடை எல்லாம் செய்யும் வழக்கம் அவர்களுடையது. ஒரு பக்கம் மட்டும் உரிப்பார்கள், மரம் சாகாது, விளிம்பில் புதுப்பட்டை வந்து மூடப் பார்க்கும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெட்டின பட்டை எப்படிக் கூடி வருகிறது என்பது அவருக்குக் கைப்பழக்கம். அந்தத் தழும்புக்கு வெளியே எத்தனை வளையம் கூடியிருக்கிறது என்று எண்ணினால் எத்தனை வருடத்துக்கு முன் உரித்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஆளில்லாத வெறுங்காடு என்று சொல்லப்பட்ட இடத்தில் நூற்றாண்டுகளாக மனிதர் புழங்கியதற்கு மரமே சாட்சி. வரைபடத்தில் பெயரில்லாத மக்களுக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்று யோசித்துப் பாருங்கள்.

1993 கோடையில், மீர்ஸ் தீவு இருக்கும் அதே கிளேயாக்வட் சவுண்ட் பகுதியில் மறுபடி மறியல். மரம் ஏற்றும் லாரிகளை மறித்ததற்காக 850 பேருக்கு மேல் கைதானார்கள். அரசு ஓர் அறிவியல் குழு போட்டது. அதில் விஞ்ஞானிகளோடு பூர்வகுடிப் பெரியவர்களும் உறுப்பினர்கள், இணைத் தலைவரே ரிச்சர்ட் அட்லியோ என்ற பரம்பரைத் தலைவர். 1995-ல் குழு அறிக்கை கொடுத்தது. எவ்வளவு மரம் வெட்டலாம் என்று தொடங்காமல், காடு காடாக இருக்க எவ்வளவு மிச்சம் விட வேண்டும் என்று தொடங்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பின்னால் கரடிக்காட்டில் வந்த எல்லாத்துக்கும் விதை இதுதான்.

அடுத்து போராட்டம் சந்தைக்கு நகர்ந்தது. நான் கவனமாகப் பார்க்கச் சொல்வது இதைத்தான். வெட்டுகிறவன் கனடாவில் இருந்தாலும் வாங்குகிறவன் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்தான். கிரீன்பீஸ், சியரா கிளப் போன்ற அமைப்புகள் வாங்குகிறவர்களிடம் போய், ஆயிரம் வருட மரத்தை அறுத்து விற்கிறீர்கள் என்று அவர்கள் வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டன. 1999-ல் ஹோம் டிப்போ என்ற பெரிய கடைத்தொடர், அழியும் நிலையில் உள்ள காடுகளின் மரத்தை 2002-க்குள் நிறுத்துவோம் என்று அறிவித்தது. வாங்க ஆளில்லாத மரத்தை வெட்டி என்ன செய்வது? கம்பெனிகள் பேச வந்தன.

பேச்சு

2001 ஏப்ரலில் முதல் உடன்பாடு. சுமார் நூறு பள்ளத்தாக்குகளில் வெட்டு நிறுத்தம், அதற்குள் ஆய்வு. 2006 பிப்ரவரி 7-ல் பெரிய அறிவிப்பு. 2016 பிப்ரவரி 1-ல் கடைசி ஒப்பந்தம். இந்தப் பகுதியில் 26 பூர்வகுடி அரசுகள் இருக்கின்றன. கடைசி வடிவத்தில் கணக்கு இப்படி: அங்கே உள்ள 36 லட்சம் ஹெக்டேர் காட்டில் 85 சதவீதம், அதாவது 31 லட்சம் ஹெக்டேர், தொழில்முறை வெட்டுக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. மிச்சம் 15 சதவீதத்தில் கடும் விதிகளோடு வெட்டலாம். ஒவ்வொரு வகைக் காட்டிலும் இயற்கையாக எவ்வளவு முதுகாடு, அதாவது முதிய மரங்கள் நிற்கும் காடு, இருந்திருக்குமோ அதில் 70 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இலக்கு. 2009-ல் இந்த இலக்கு 50 சதவீதமாகத்தான் இருந்தது.

2001-லிருந்து 2016 வரை, பதினைந்து வருடம். நடுவில் எத்தனையோ தடவை முறிந்துபோயிருக்கலாம். முறியாததற்கு நான் பார்க்கும் காரணங்கள் இரண்டு.

ஒன்று, பூர்வகுடிகள் அங்கே "கருத்துக் கேட்பு" என்ற பெயரில் வந்து பேசிவிட்டுப் போனவர்கள் இல்லை. மாகாண அரசோடு சரிசமமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள். அந்தக் கரையில் பெரும்பாலான மக்கள் தங்கள் நிலத்தை ஒப்பந்தம் போட்டு யாருக்கும் கொடுத்ததில்லை. 2004-ல் ஹைடா மக்கள் தொடுத்த வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், அவர்களைக் கலந்து பேசுவது அரசின் கடமை என்று தீர்ப்புச் சொன்னது. அதன்பின் அவர்களை ஒதுக்கிவிட்டு யாரும் மரம் வெட்டிவிட முடியாத நிலை.

இரண்டு, பணம். வெட்டாதே என்று சொன்னால் வெட்டிப் பிழைத்தவன் என்ன செய்வான் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2007-ல் கோஸ்ட் ஃபண்ட்ஸ் என்று 12 கோடி டாலர் நிதி உருவானது. மத்திய அரசு 3 கோடி, மாகாணம் 3 கோடி, தனியார் அறக்கட்டளைகள் 6 கோடி. ஒரு பங்கு காட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, ஒரு பங்கு ஊரில் தொழில் தொடங்க. கிளெம்டு என்ற சின்ன ஊரில் கிடாசூ ஹை-ஹைஸ் மக்கள் நடத்தும் ஸ்பிரிட் பேர் லாட்ஜ் என்ற தங்கும் விடுதிக்கு, கருங்கரடி இனத்திலேயே வெள்ளையாகப் பிறக்கும் கரடியைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குட்டி வெள்ளையாக இருக்கும், அதனால் அபூர்வம். காட்டைச் சுற்றிக் காவல் பார்ப்பதும் அந்த ஊர்க்காரர்கள்தான், கார்டியன் வாட்ச்மென் என்று பெயர். 2022-ல் கிடாசூ ஹை-ஹைஸ், நுஹால்க் இரண்டு சமூகங்களின் காவலர்களுக்கு மாகாணப் பூங்கா அதிகாரிக்குள்ள அதிகாரத்தையே கொடுக்க ஏற்பாடானது.

ஓட்டைகள்

எல்லாம் சுபம் என்று எழுதினால் அது பொய். ஒப்பந்தத்துக்கு எல்லை உண்டு, அந்த எல்லைக்கு வெளியே வான்கூவர் தீவில் முதுகாடு இன்னும் வெட்டுப்படுகிறது. 2021-ல் ஃபேரி கிரீக் என்ற பள்ளத்தாக்கில் நடந்த மறியலில் ஆயிரம் பேருக்கு மேல் கைதாகி, 1993-ஐயே மிஞ்சியது. உள்ளேயும் சிக்கல். சால்மன் வரத்து பல ஆறுகளில் குறைகிறது, மீன் குறைந்தால் கரடியும் மரமும் சேர்ந்து தேயும். பருவநிலை மாறிப் பனி குறைந்ததால் மஞ்சள் சீடர் மரங்கள் பெரும்பரப்பில் காய்கின்றன. பனிப்போர்வை இல்லாத மண்ணில் குளிர் நேராக இறங்கி வேரை உறையவைத்துவிடுகிறது. இதை எந்த ஒப்பந்தமும் தடுக்காது.

இங்கே

குமரிக் காடும் வெட்டுப்பட்ட காடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அசம்பு மலையில் காப்பித் தோட்டம் போட்டார்கள், பிறகு தேயிலை, அப்புறம் ரப்பர். தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே குமரிதான். 1984-ல் உருவான அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் மலையடிவாரக் காட்டு நிலத்தில்தான் இருக்கின்றன. அங்கே அவர்கள் ஒற்றைச் சீடர் தடியைக் குடைந்து ஓடம் செய்ததுபோல இங்கே வள்ளத்துக்கு அயனி போனது. 2017 நவம்பர் 30-ல் ஓகி அடித்தபோது ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக முறிந்து விழுந்ததை இந்த மாவட்டத்தில் எல்லாரும் பார்த்தோம்.

காலக்கணக்கை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2006 பிப்ரவரியில் அங்கே பெரிய அறிவிப்பு. அதே 2006 டிசம்பரில் நம் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் காட்டில் வாழும் சமூகத்துக்கே உரிமை உண்டு என்று அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. 2008-ல் குமரியில் நானூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் வனவிலங்குச் சரணாலயமானது. அதே 2008-ல், வன உரிமைப் பட்டா வழங்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவால் தமிழ்நாடு முழுக்கப் பட்டா நின்றுபோனது. உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2016-ல். அங்கே பேசிப் பேசி ஒப்பந்தத்தை முடித்த அந்தப் பத்து வருடத்தில் பெரும்பகுதி இங்கே பேச்சே தொடங்காமல் போனது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களில் பலர் காட்டுக் காவல் வேலைக்குப் போகிறார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர் என்ற பெயரில், நிரந்தரம் இல்லாத வேலை. யானை எந்த ஓடையில் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும், ஆனால் முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மேல் கோதையாறு பக்கம் கொண்டுவந்து விட்டபோது இங்குள்ளவர்கள் பயந்ததும் கோபப்பட்டதும் யானை மேல் உள்ள வெறுப்பால் இல்லை, யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதால்தான்.

விவசாயி பக்கமும் இதே குறைதான். எனக்குத் தெரிந்த ஒரு ரப்பர் விவசாயி, மாமா என்றுதான் கூப்பிடுவேன், கேட்டார்: "எனக்க வெளையில நிக்கிய மரத்த முறிக்கதுக்கு நான் கலெக்டர் ஆபீசுல போயி நிக்கணுமா மக்கா? முறிக்காம விட்டா எனக்கு என்ன கிட்டும்?" 1949-ஆம் வருடத் தனியார் காடுகள் சட்டத்தில் மரம் வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். சட்டத்தின் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவோ போயிருக்கும். ஆனால் மாமா கேட்ட இரண்டாவது கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை. கரடிக்காட்டில் 12 கோடி டாலர் போட்டது அந்தக் கேள்விக்குத்தான்.

நம் மலைக்கு இந்த யோசனை புதிதும் இல்லை. அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் காணிகள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. அதில் பிரச்சினைகளும் வந்தன. ஆனாலும் அறிவுக்கும் காவலுக்கும் பங்கு உண்டு என்று எழுத்தில் ஒத்துக்கொண்டது நம் மலையில்தான் நடந்தது.

இப்போது செய்யக்கூடியது என்று நான் நினைப்பது, காணிக் குடியிருப்புகளின் கிராம சபைகள் வன உரிமைச் சட்டப்படி சமூக வன வள உரிமைக்கு மனுப் போடுவது. தனிப்பட்டாவுக்குக் காட்டும் ஆர்வத்தில் பாதிகூட இதற்கு இல்லை. தனிப்பட்டா வீட்டுக்கும் விளைக்கும் மட்டும்தான், காட்டைப் பற்றிப் பேசும் நாற்காலியைத் தருவது இந்த மனுதான். இதற்குப் பெரிய ஆவணம் எதுவும் தேவையில்லை. கிழங்கும் தேனும் மருந்துச் செடியும் எடுக்கும் இடங்கள், மீன் பிடிக்கும் கயங்கள், சாமி மரம், காவு, புதைகாடு, பழைய குடிசை இருந்த தரை, இவையெல்லாம் விதிகளின்படி சான்றுதான். மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று இருந்தால் போதும். எல்லையை நடந்து பார்த்துக் காகிதத்தில் வரைவதற்கு மழை ஓய்ந்த தை, மாசி வசதி. பேச்சிப்பாறை அணைக்கு மேலே உள்ள குடியிருப்புகளில் அந்த இடங்களின் பெயர் எல்லாம் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், முதலில் அவர்களிடம்தான் போக வேண்டும்.